மூன்று நாள் வண்டல்

அப்பா மகாராஜன் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் இருபத்தொன்பது வருடம் ஆற்றுத் தண்ணீர் எடுத்தார். காலை ஆறு மணிக்குப் பாலத்தின் நடுவில் நின்று, கயிற்றில் கட்டிய பாட்டிலை இறக்குவார். அந்தத் தண்ணீரை வடிதாளில் வடிகட்டி, தங்கிய வண்டலைக் காயவைத்து, எடைபோட்டுப் பதிவேட்டில் எழுதுவார். தினக்கூலிதான். தீபாவளிக்கும் போனார். என் கல்யாணத்தன்றும் போய்விட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தார். ஒரு நாள் விட்டாலும் பணி முறிவு என்று எழுதிவிடுவார்கள். தன்னை நிரந்தரப் பணியாளராக அறிவிக்கக் கேட்டு அவர் போட்ட மனுவுக்கு, முறிவில்லாத அந்தப் பதிவேடுதான் ஒரே சான்று.

நான் கடலடி வண்டலைப் படிக்கிறவள். அந்த ஆறு கடலில் சேரும் புன்னக்காயலுக்கு வெளியே கப்பலிலிருந்து குழாயை இறக்கி, கடலடிச் சேற்றை மூன்று மீட்டர் நீளத்துக்கு எடுத்தோம். பொதிகை மலை கரைந்த வரலாறு அதில் அடுக்கடுக்காக இருக்கிறது. எந்த அடுக்கு எத்தனை வருட மண் என்று அறிய, ஆறு எவ்வளவு மண்ணைக் கொண்டுவருகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு அப்பாவின் பதிவேட்டை எடுத்துக்கொண்டேன்.

ஓர் இடத்தில் இரண்டும் ஒத்துவரவில்லை. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது வந்த பெருவெள்ளம் அது. கடலில் நான்கு விரல் தடிமனுக்குச் செம்மண். பதிவேட்டிலோ மூன்று நாளும் ஒரே எண், வெள்ளத்துக்கு முந்தைய நாளின் எண். போகாமலே எழுதியிருக்கிறார் என்று முடிவுசெய்தேன். அந்த வெள்ளத்தில் யார்தான் பாலத்துக்குப் போவார்கள்? கட்டுரையில் ஒரு வரி சேர்த்தேன்: 'வெள்ள நாட்களின் அளவுகள் எடுக்கப்படாமல் நிரப்பப்பட்டவை.' தரவு தந்ததற்கு நன்றியாக ஒரு பிரதியை அவருடைய அலுவலகத்துக்கும் அனுப்பினேன். அப்படி அனுப்புவது எங்கள் துறையில் வழக்கம்.

எட்டு மாதம் கழித்து மனு தள்ளுபடியானது. பதிவேடு நம்பத்தகுந்ததல்ல என்று எழுதி, என் கட்டுரையின் நகலை இணைத்திருந்தார்கள்.

அப்பா போனில் கத்தவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா, தாயி."

"கேட்டா மட்டும் மண்ணு கூடிருமாப்பா?" என்றேன்.

சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். தை மாதம் மாரடைப்பில் இறந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா சுடலைவடிவு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து மூன்று காகிதப் பொட்டலங்களை என் மடியில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் சேறு அப்பிக் காய்ந்த வடிதாள். மேலே அப்பாவின் கையெழுத்தில் தேதியும் எடையும். வெள்ளம் வந்த மூன்று தேதிகள்.

இடுப்பில் கயிறு கட்டிப் பாலத்துக் கம்பியோடு பிணைத்துக்கொண்டு மூன்று நாளும் போனாராம். எடையைப் பார்த்த பொறியாளர் நம்பவில்லை.

"'ஏலே, ஒரு பாட்டில் தண்ணியில இவ்வளவு மண்ணா? கரையில போயி அள்ளிட்டு வந்தியா?'ன்னு கேட்டுருக்கான். முந்தின நாள் எண்ணையே எழுதுன்னுட்டான். இந்த மனுசனும் எழுதிட்டு வந்துட்டாரு."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நானும் சொல்லச் சொன்னேன். எழுதுனது என் கைதானேன்னு சொல்லிட்டாரு."

ஆய்வுக்கூடத்தில் எடைபோட்டேன். பொட்டலத்தில் அவர் எழுதிய எடையேதான். அதைப் பதிவேட்டு எண்ணின் இடத்தில் போட்டதும் கடலின் அடுக்கு சரியாக வந்தது.

இதழில் மூன்று வரித் திருத்தம் வெளியானது. அதை எடுத்துக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் அம்மையப்பன் உட்காரச் சொன்னார். பொறுமையாகப் படித்தார். மறுபரிசீலனைக்கு மனுதாரர் கையெழுத்து வேண்டும் என்றார். இறந்துவிட்டார் என்றேன்.

எழுந்துபோய் அப்பாவின் கோப்பை எடுத்துவந்தார். அதிலிருந்து ஒரு தாளை உருவினார். மனுதாரர் தரப்பில் மேற்கொண்டு ஆட்சேபம் இல்லை என்று அதில் அச்சிட்டிருந்தது.

"வாரிசுன்னு இங்கன ஒரு கையெழுத்து போட்டுருங்கக்கா. கோப்ப முடிச்சிருவோம்."

போட்டேன்.