இரண்டு தட்டு, பிறகு ஒன்று

இது நடந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில், பட்டப்பகலில், அடுப்படியில் அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்த நேரத்தில் தொடங்கியது. டில்ஷானி வேலை பார்க்கும் கடற்படை முகாமின் பெயரை மட்டும் இங்கே எழுதவில்லை. மற்றதெல்லாம் அவள் சொன்னபடியே இருக்கிறது. இரண்டு தடவை கேட்டதற்கு இரண்டு தடவையும் ஒரே மாதிரித்தான் சொன்னாள். நம்ப முடியாத இடங்களில் நிறுத்தி, "உண்மையா?" என்று கேட்டபோது அவள் கோபப்படவில்லை. "எனக்கும் அப்பிடித்தான் இருக்கு" என்றாள்.

டில்ஷானிக்கு இருபத்து நாலு வயது. அப்பா வின்சன்ற் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தம்பி டெரிக் போன் திருத்தும் கடையில் வேலை. அவள் கடற்படையில் சேர்ந்து மூன்று வருடம், களஞ்சியப் பிரிவில். அந்தக் கிழமை லீவில் வந்திருப்பதாக ஒழுங்கையில் அக்கம்பக்கத்துச் சனத்துக்குச் சொல்லியிருந்தார்கள். அது லீவு இல்லை. தன்னைப் பலவந்தப்படுத்தினான் என்று ஓர் அதிகாரியின் மேல் அவள் முறைப்பாடு கொடுத்திருந்தாள். திங்கட்கிழமை அடுத்த விசாரணைக்கு வா, அதுவரை வீட்டில் இரு என்று அனுப்பியிருந்தார்கள்.

வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அப்பா வேலையால் வந்து வானொலியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். என்ன போகிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

டில்ஷானிக்கு அழுகை வரவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். குளிக்கச் சொன்னால் குளித்தாள். தேநீர் குடித்து முடித்த பிறகும், அது சூடாக இருந்ததா ஆறியிருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. வெள்ளைச் சீருடை அறை அலுமாரிக்குள் தொங்கியது. அலுமாரியைப் பூட்டித் திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள்.

முதல் விசாரணையில் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். கதவு உடைக்கப்படவில்லை. கொளுக்கி உள்பக்கம். நீயாகத்தான் திறந்திருக்கிறாய். ஏன் திறந்தாய்?

அவள் பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமையும் பதில் இல்லையென்றால் முறைப்பாடு மூடப்படும். அந்த அதிகாரி அதே முகாமில் அதே பதவியில் இருப்பான். காலையில் அவனுக்கு அவள் சலூட் அடிக்க வேண்டும்.

பதில் அவளிடம் இருந்தது. சொல்ல முடியாத பதில்.

அந்தப் பெண்கள் விடுதியில் எட்டுப் பேர். மாலையானதும் கதவைக் கொளுக்கி போட்டுவிடுவார்கள். அதன் பிறகு யாராவது தட்டினால் "ஆர்?" என்று கேட்கக் கூடாது. குரல் கொடுத்தால், உள்ளே யார் தனியாக இருக்கிறாள் என்று வெளியே நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். அதற்காக ஒரு தட்டல் வைத்திருந்தார்கள். இரண்டு தட்டு. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு ஒன்று. அப்படித் தட்டினால் நம்மவள், திற. அதில் ஒரு சின்னப் பிழை இருந்தாலும் திறக்காதே. அழுது கேட்டாலும் திறக்காதே. புதிதாக வருகிறவளுக்கு மூத்தவள் முதல் நாளே காதுக்குள் சொல்லிக் கொடுப்பாள். டில்ஷானிக்குச் சொல்லிக் கொடுத்தவள் றோஸி அக்கா. பத்து வருடத்துக்கு மேல் சேவையில் இருப்பவள்.

அன்றைக்கு எல்லாரும் கிரிக்கெட் பார்க்க மைதானத்துக்குப் போயிருந்தார்கள். டில்ஷானிக்குக் காய்ச்சல். தனியாகப் படுத்திருந்தாள். அன்று காலைதான் விடுதிக் கதவுக்குப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அந்த மணம் தலைக்குள் குத்தியது.

இருட்டத் தொடங்கிய நேரம் கதவில் தட்டல் கேட்டது. இரண்டு. பிறகு ஒன்று. அவள் எழுந்துவிட்டாள். ஆனால் தட்டல் அதோடு நிற்கவில்லை. க்ர்ர்ர்… என்று ஏதோ கதவில் உரசிக்கொண்டு கீழே இறங்கியது. பிழையான தட்டல். விதி விதிதான். அவள் திறக்கவில்லை. திரும்பப் படுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தட்டல். இரண்டு. ஒன்று. இந்தத் தடவை சுத்தமாக.

திறந்தாள்.

அந்த அதிகாரி நின்றான்.

அதன் பிறகு நடந்ததை அவள் விசாரணையில் சொல்லிவிட்டாள். இங்கே எழுதத் தேவையில்லை. சொல்லாமல் விட்டது தட்டலை மட்டும். சொன்னால் முகாமில் உள்ள அத்தனை ஆண்களுக்கும் அது தெரிந்துவிடும். எட்டுப் பேருக்கு இருந்த ஒரே காவல் போய்விடும். இன்னொன்றும் இருந்தது. அவனுக்கு அந்தத் தட்டலை எட்டுப் பேரில் ஒருத்திதான் சொல்லியிருக்க வேண்டும். அதை நினைக்கப் போனால் அவளுடைய மண்டை அப்படியே மரத்துப்போய்விடும்.

வியாழக்கிழமை பகல், மணி மூன்று பத்து.

டில்ஷானி கட்டிலில் கிடந்தாள். அடுப்படியில் மீன் பொரிகிற சத்தம். திடீரென்று மீன் மணத்தை அமுக்கிக்கொண்டு இன்னொரு மணம் வந்தது.

"மகள், ஆரும் பெயின்ற் அடிக்கினமே?" அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

அப்போதுதான் கேட்டது. டக் டக். …டக்.

பிறகு, க்ர்ர்ர்…

அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. வாசலில் ஒருவரும் இல்லை. சத்தம் வந்தது அலுமாரியிலிருந்து. உள்பக்கத்திலிருந்து.

அன்று பின்னேரம் டெரிக் கையில் தடியோடு அலுமாரியைக் கிளறினான்.

"ஒரு எலியும் இல்ல. நேவிக்காரிக்கு எலியெண்டாப் பயமோ? கடலில சுறாவைக் கண்டா என்ன செய்வாய்?"

அவள் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

"அக்கா, சட்டைக் கை ஏன் ஈரமா இருக்கு?"

அவள் தொட்டுப் பார்த்தாள். சீருடையின் வலது கை நனைந்திருந்தது. மூன்று நாளாக அந்த அலுமாரி பூட்டிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமையும் தட்டியது. அதே நேரம். அதே கீறல். இந்தத் தடவை அவள் எழுந்து போய் அலுமாரிக் கதவில் காதை வைத்தாள். சத்தம் காதுக்கு நேரே வரவில்லை. கீழே, முழங்கால் உயரத்தில் வந்தது. குழந்தை தட்டுவது போல. அல்லது… முழங்காலில் இருக்கிற ஒருவர் தட்டுவது போல.

அவள் திறக்கவில்லை. பிழையான தட்டல் அல்லவா.

சனிக்கிழமை பின்னேரம் றோஸி அக்கா வந்தாள். சாதாரண சட்டையில், கையில் பிஸ்கற் பெட்டியோடு. அம்மா பூசைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பாவும் டெரிக்கும் வேலையில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். முன் ஹோலில் உட்கார்ந்தார்கள்.

"நங்கி, மெலிஞ்சு போனாய்." தங்கச்சி என்பதற்கு றோஸி சிங்களத்தில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஓம் அக்கா."

றோஸி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். முறைப்பாட்டை வாபஸ் வாங்குகிற கடிதம். எல்லாம் அடித்து முடித்திருந்தது.

"ஒரு கையெழுத்து மட்டும். கொழும்பிலயே ஒரு இடத்துக்கு மாத்தித் தருவினமாம். வீட்டில இருந்தே போய் வரலாம். அம்மான்ர சாப்பாடு."

"அவர்?"

"அவர் அவர்ட பாட்டில இருப்பார். உனக்கென்ன?"

"மற்றப் பிள்ளையள் அங்கதானே இருக்கினம்."

"நீ அவையப் பற்றி யோசிக்காத. கதவைத் திறந்தது நீ. திங்கக்கிழமை திரும்பவும் அதைத்தான் கேப்பினம். என்ன சொல்லப் போறாய்?"

டில்ஷானி தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பேனையை எடுத்தாள். பயமோ கவலையோ வரவில்லை. வேறு யாரோ எழுதுவதைப் பார்ப்பது போல் இருந்தது என்றாள். பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள்.

மணம் வந்தது.

றோஸி மூக்கைச் சுளித்தாள். "என்ன, பெயின்ற் மணக்குது?"

டக் டக்.

…டக்.

க்ர்ர்ர்ர்…

பேனை நின்றது.

"உள்ளுக்க ஆர்?" றோஸியின் குரல் மாறியிருந்தது.

"ஒருத்தரும் இல்ல."

"அந்தக் கீறல்… அதை உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல அக்கா."

திரும்பவும் தட்டியது. இப்போது அலுமாரியில் இல்லை. ஹோலைப் பார்த்து மூடியிருந்த அறைக் கதவில். டில்ஷானி வரும்போது அதை மூடிவிட்டு வரவில்லை.

டக் டக்.

…டக்.

கீழே. மிகவும் கீழே.

றோஸி எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது.

"நான் வேணுமெண்டு சொல்லேல்ல," என்றாள். டில்ஷானியைப் பார்த்துச் சொல்லவில்லை. கதவைப் பார்த்துச் சொன்னாள். "அவர் நெருக்கிக் கேட்டவர். எப்பிடித் தட்டினாத் திறப்பினம் எண்டு. பகிடிக்குக் கேக்கிறார் எண்டு நினைச்சன். சத்தியமா…"

டில்ஷானி மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.

அவன் அந்தத் தட்டலைத் தட்டித்தான் உள்ளே வந்தான் என்று அவள் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. விசாரணையில் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொல்லவில்லை.

க்ர்ர்ர்…

றோஸி ஓடினாள். ஒற்றைச் செருப்பு வாசற்படியில் கிடந்தது.

டில்ஷானி போய் அறைக் கதவைத் திறந்தாள்.

ஒருவரும் இல்லை.

பூட்டியிருந்த அலுமாரி திறந்திருந்தது. சீருடையின் ஈரக் கை வெளியே தொங்கியது.

அவள் ஹோலுக்கு வந்து, கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

திங்கட்கிழமை, ஏன் திறந்தாய் என்று கேட்டார்கள். சொன்னாள். முதலில் பிழையாகத் தட்டியதையும், பிறகு சரியாகத் தட்டியதையும். காட்டு என்றார்கள். மேசையில் தட்டிக் காட்டினாள். சாட்சிக்கு வந்து பின்வரிசையில் இருந்த விடுதிப் பெண்கள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அதன் பிறகு "ஏன் திறந்தாய்" என்ற கேள்வி வரவில்லை. அவனுக்குத் தட்டலைச் சொன்னது யார் என்பதையும் டில்ஷானி சொன்னாள். றோஸியைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அவள் அரை மணித்தியாலம் உள்ளே இருந்தாள்.

பிறகு எல்லாருமாகப் போய் விடுதிக் கதவைப் பார்த்தார்கள். வெளிப்பக்கம், முழங்கால் உயரத்திலிருந்து நிலம் வரை நாலு கோடுகள். விரல் இறங்கிய கோடுகள். பெயின்ற் அடித்த சிப்பாயைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் குனிந்து தடவிப் பார்த்தான். பெயின்ற் காய்ந்த பிறகு கீறினால் பொருக்காக உதிரும் என்றான். இது ஓரம் மடிந்து ஒட்டியிருக்கிறது. ஈரத்தில் கீறினது. அப்படியென்றால் அடித்த அன்றே, இரவாகும் முன்னம்.

"அவர் முழங்காலிலயா நிண்டவர்?" குழுவில் இருந்த பெண் அதிகாரி சிங்களத்தில் கேட்டாள்.

சிப்பாய் கோடுகளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

டில்ஷானி முறைப்பாடு கொடுத்த அதிகாரியை அன்றே பதவியிலிருந்து நிறுத்தினார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்குப் பல வருடம் எடுக்கும் என்கிறார்கள்.

வெளியே வரும்போது விறாந்தையில் றோஸி நின்றாள். டில்ஷானி அவளைக் கடந்து போகப் பார்த்தாள்.

"நங்கி, ஒண்டு கேள். பிறகு நீ என்னோட கதைக்க வேண்டாம்."

டில்ஷானி நின்றாள்.

"சந்துனி எண்டு ஒருத்தி இருந்தவ. நீ சேர முந்தி. அந்தத் தட்டலைக் கண்டுபிடிச்சதே அவதான்."

"அதில கீறல் இருந்ததோ?"

"இல்ல. அதில கீறல் எண்டு ஒண்டும் ஒருநாளும் இருக்கேல்ல." றோஸி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு நாள் இருட்டுற நேரம் அவ வந்து தட்டினவ. இரண்டு. பிறகு ஒண்டு. பிறகு அந்தக் கீறல். நாங்கள் எல்லாரும் உள்ளுக்க இருந்தம். தட்டல் பிழை, ஆரோ ஏமாத்துறான் எண்டு திறக்கேல்ல. விடியக் கதவைத் திறந்தா ஒருத்தரும் இல்ல. இறங்குதுறைப் படியில செத்துக் கிடந்தா. உடுப்பெல்லாம் ஈரம். தண்ணிக்க தவறி விழுந்தவ எண்டு எழுதிப்போட்டாங்கள்."

"அப்ப அந்தக் கீறல்?"

"அவ நிண்டு தட்டேல்ல, நங்கி. நிக்க ஏலாமத்தான் வந்திருக்கிறா. கை வழுக்கிக் கீழ போயிருக்கு."

அன்றைக்கு முதலில் தட்டியவள் எச்சரிக்க வந்தாளா, அல்லது இத்தனை வருடத்துக்குப் பிறகும் உள்ளே விடச் சொல்லித்தான் தட்டினாளா? டில்ஷானிக்குத் தெரியவில்லை. கேட்டால் தோளைக் குலுக்குகிறாள்.

கொட்டாஞ்சேனை வீட்டில் இப்போது அலுமாரி பூட்டப்படுவதில்லை. சில பின்னேரங்களில் பெயின்ற் மணக்கும். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். டில்ஷானி எழுந்து போய் அலுமாரிக் கதவைத் திறப்பாள். ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அவள் ஒரு பக்கம் ஒதுங்கிக் கொஞ்ச நேரம் நிற்பாள். ஓர் ஆள் வர இடம் விட்டு.

பிறகு மூடுவாள். அதற்குப் பிறகு அன்று தட்டல் கேட்காது.