தைத்து மூடிய கிழிசல்

அந்த ஊரில் மாயவித்தையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தத் துணிந்த முதல் ஆள் அவர்தான். அதற்கு முன் ஆறு வருடம் ஜவுளிக்கடையில் துணி அளந்தார். வந்தவர்கள் நிறம் பார்த்துத் தீர்வதற்குள், குறி போடும் சாக்குக்கட்டியை மேஜைக்கடியில் விரலிடுக்கில் மறைத்துப் பழகுவார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

"பந்தை மறைய வைக்கிறீங்க, சரி மாப்ள. பசியை மறைய வைப்பீங்களா?" என்றார் மனைவியின் அண்ணன்.

"சனிக்கிழமை வந்து பாருங்க மச்சான்."

அரங்க மேலாளர் ஒரே ஒரு பகல் காட்சி கொடுத்திருந்தார். கூட்டம் நடுவில் எழுந்து போகாவிட்டால் சனிக்கிழமைதோறும் மேடை இவருக்கு. போனால் பழையபடி அளவுகோல்தான்.

தொழில் ரகசியத்தைப் பற்றி அவர் வீட்டில்கூட மூச்சு விட்டதில்லை. கோட்டின் இடது உள்துணியில் தானே பிளேடால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார். வீசுகிற மாதிரி காட்டினால் மரப்பந்து அதற்குள் போய்விடும்.

சனிக்கிழமை மேடையில் பந்தை வீசுகிற மாதிரி காட்டினார். அது கோட்டில் முட்டி, 'டொக்'கென்று பலகையில் விழுந்து உருண்டது. கீறலைத் தேடிய விரலுக்குக் கிடைத்தது நெருக்கமான தையல். யார் வேலை என்று உடனே புரிந்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள்.

"எல்லாம் கோட்டுக்குள்ளதான்யா இருக்கு," என்று முன்வரிசைத் தடியர் ஒருவர் குரல் கொடுத்தார்.

அவர் தன் கோட்டைக் கழற்றித் தடியரின் மடியில் போட்டார். "நல்லா தேடுங்க. கிடைச்சா நீங்களே வச்சுக்கலாம்."

தடியர் உதறினார், தடவினார், பையைப் புரட்டினார். "ஒண்ணுமில்லப்பா," என்று அசடு வழிந்தார். எழுந்த இருவரும் உட்கார்ந்தார்கள்.

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சட்டைப்பையில் பழக்கதோஷத்தில் கிடந்த சாக்குக்கட்டியை எடுத்தார். அதோடும் மேடை ஓரத்தில் கிடந்த ஒரு முழக் கயிற்றோடும் முக்கால் மணி நேரம் ஓட்டினார். மேஜைக்கடியில் ஆறு வருடம் செய்ததை இப்போது வெளிச்சத்தில் செய்தார், அவ்வளவுதான். ஒருவரும் அசையவில்லை.

"அடுத்த சனிக்கிழமையும் கோட்டைக் கழட்டிருங்க," என்றார் மேலாளர்.

பந்து விழுந்த கதையை மச்சான் முன்னாலேயே வந்து சொல்லியிருந்ததால், வீட்டில் மனைவி முந்திக்கொண்டாள். "கிழிசலோட மேடை ஏறுனா என்னைத்தானே பேசுவாங்க? அதான் தச்சேன். அது வெறும் கிழிசல் இல்லேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் வாயே திறக்க மாட்டீங்களே."

மச்சான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த சனிக்கிழமையும் வர்றேன் மாப்ள," என்று படியிறங்கினார்.

அவர் கதவைச் சாத்திவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு, பந்து எங்கே போகவேண்டும் என்று முதல்முறையாக அவளுக்குக் காட்டினார்.

அவள் அளவு நாடாவை எடுத்தாள். "கீறல் இன்னும் ரெண்டு விரல் கீழ இருக்கணும். வாய்க்கு ஒரு மடிப்பு வச்சா மேல தெரியாது. கையைத் தூக்குங்க."