ஒரே ஷிஃப்டில் போட்டேன்

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் நான் லைன் லீடராக இருந்தேன். வெளியே சாலையை ஆறு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே என் பொறுப்பில் முப்பது பெண்கள். வாராவாரம் அவர்களுக்கு ஷிஃப்ட் பட்டியல் போடுவது என் வேலை. எல்லார் வீட்டு விஷயமும் எனக்கு அத்துப்படி என்று ஒரு மிதப்பு வேறு.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி மட்டும் ஷிஃப்டை மாற்றித் தரச் சொல்லி ஓயாமல் கேட்பாள். கணவனுக்கு மறைமலை நகரில் வேறொரு கம்பெனி. அவனுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் இவள் மதியம் கேட்பாள்; அவனுக்கு மதியம் என்றால் இவள் காலை கேட்பாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முகம் பார்க்க நேரமில்லாமல் இதுகள் எதற்கு இப்படி உழைக்கிறதுகள் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவன் ஷிஃப்டிலேயே அவளையும் போட்டேன்.

"ஏன்க்கா மாத்துனீய? நான் கேக்கலையே."

"வெக்கத்தப் பாரு! ரெண்டு பேரும் ஒண்ணா வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய்ட்டு வாங்க," என்றேன். லைனே சிரித்தது.

இரண்டாவது வாரம் அவளால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். நான் நம்பவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன்.

"அவரு முழிச்சிருக்கையில நான் வீட்ல இல்லாம இருந்தா போதும்க்கா. அப்படித்தான் இத்தன மாசம் ஓட்டுனேன்."

அவள் யோசித்து வைத்திருந்த ஒரே பாதுகாப்பை நான் சிரித்துக்கொண்டே பிடுங்கியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். உடனே போலீஸ், மேனேஜர் என்று அடுக்க ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நீ சொல்லு. நாங்க இன்னா செய்யணும்?"

தங்க ஓர் இடம் கேட்டாள். துணியும் சர்டிபிகேட்டும் எடுக்கப் போகும்போது கூட ஆள் வேண்டும் என்றாள். தனியாகப் போனால் அவன் விடமாட்டானாம். போலீசைப் பிறகு பார்ப்போம் என்றாள்.

வடக்குப்பட்டில் எங்கள் லைன் பெண்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் இன்னொரு பாய் விரிக்க இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் அவளோடு ஆறு பேர் அவள் வீட்டுக்குப் போனோம். வீட்டுக்கார அம்மா அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார்.

"பத்து நாளா சத்தம் கேட்டுகினேதான் இருந்துச்சு. குடும்ப விஷயமாச்சேன்னு கம்முனு இருந்துட்டேன்மா," என்றவர், எங்களோடு வந்து வாசலில் நின்றுகொண்டார்.

அவள் உள்ளே போனாள். அவன் கத்தவில்லை. எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான்.

"ஒரே ஷிஃப்ட் போட்டுக் குடுத்தது நீங்கதானாமே. ரொம்ப நன்றிக்கா."

அதற்குப் பதில் அவன் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். நாற்காலியை யாரும் தொடவில்லை.

அவள் பையோடு வெளியே வந்தாள்.

"எப்ப வருவ?" என்று கேட்டான்.

பதில் எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மாவும் மற்றவர்களும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வர மாட்டேன்," என்றாள்.