உம்கொட்டி கைவைத்தால் மட்டும் ஓடிய வண்டி

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது என் தம்பிக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது. பெண் வீட்டுக்குப் போய்வந்த சித்தப்பா செருப்பைக் கழற்றுமுன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டார். பெண் லட்சணம், அவள் அம்மா கறார், அப்பாவுக்குக் காது மந்தம்.

"பொண்ணுக்கு ஒரே ஒரு தம்பி. பைக் மெக்கானிக். உம்கொட்டின்னு கூப்பிடுறாங்க."

"அய்யய்யோ, பேச்சு வராதா?" என்றாள் அம்மா.

"பேச்செல்லாம் வரும். அடுத்தவன் பேசுறப்ப குறுக்க விழ மாட்டான். உம் கொட்டிக் கேப்பான். அவ்வளவுதான்."

"நம்ம குடும்பத்துல அப்படி ஒரு ஆளும் கிடையாது. தாராளமா வரட்டும்," என்றார் அப்பா.

அப்படி வந்த உறவு. அவன் அக்காவுக்கு நான் நாத்தனார். நாத்தனார் வாயிலிருந்து அந்த வீட்டைப் பற்றி நல்லது வந்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனாலும் இவனைப் பற்றி உள்ளதைத்தான் சொல்ல வேண்டும்.

அவன் பட்டறை ஒரு கதவு அகலம்தான். உள்ளே ஒரு வண்டியை நிறுத்தினால் ஆள் பக்கவாட்டில் நடக்க வேண்டும். சுவரில் ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் தொங்கும். வாசலில் ஒரு மர ஸ்டூல். வண்டி கொண்டு வருகிறவரை முதலில் அதில் உட்காரவைப்பான். அவர் வண்டியைப் பற்றி ஆரம்பித்து, பாதியில் மேலதிகாரியைத் திட்டி, மருமகளில் போய் முடிப்பார். இவன் துணியில் கையைத் துடைத்தபடி "உம்... உம்..." என்று கேட்பான். எல்லாம் முடிந்தபிறகு, "அப்போ காலையில நல்லா கிளம்புது, வெயில் ஏறுனப்புறம்தான் நிக்குது. அப்படித்தானே?" என்பான். மருமகளுக்கு நடுவிலிருந்து அவனுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்திருப்பான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டிச் சாவியோடு வீட்டுச் சாவி, பீரோச் சாவி எது சேர்ந்து வந்தாலும், வண்டிச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு மீதியைக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவான். "இருக்கட்டும்பா, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்" என்று எவ்வளவு பெரிய மனிதர் சொன்னாலும் கேட்கமாட்டான்.

காரணம் எனக்குத் தெரியும். அவன் அக்கா என்னிடம் ஒருமுறை துணி மடித்துக்கொண்டே சொன்னாள். பத்தொன்பது வயதில் அவன் வேறொருவர் பட்டறையில் வேலை பார்த்தபோது, ஒரு வாத்தியார் வண்டியைச் சாவிக்கொத்தோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த வாரமே அவர் வீட்டில் திருட்டு. பூட்டு உடையவில்லை, சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். யார் மேல் கை நீளும்? இவனைக் கூட்டிப்போய் ஸ்டேஷன் பெஞ்சில் மூன்று நாள் காலையிலிருந்து மாலை வரை உட்காரவைத்தார்கள். அவன் அம்மா வெளியே வெயிலில் நின்றாள். நான்காம் நாள் உண்மை தெரிந்தது. எடுத்தது வாத்தியாரின் சொந்த மச்சினன். மச்சினன் என்பதால் வழக்கு இல்லை, சத்தமும் இல்லை. "தப்பா நெனச்சிட்டேம்பா" என்று இவனிடம் வந்து சொல்லக்கூட அந்த வாத்தியாருக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து பிறர் வீட்டுச் சாவி இவன் கையில் ஒரு நிமிடம் தங்கியதில்லை.

இனி என் தம்பி கதைக்கு வருகிறேன். அவன் அப்போது ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன். ஒப்பந்த வேலை. விடிந்ததும் பெரிய தொட்டியைத் திறக்க வேண்டும். பிறகு ஆறு வால்வு அறைகள், அறைக்கு இரண்டு பூட்டு. தொட்டி வாசல் பூட்டையும் சேர்த்துப் பதிமூன்று சாவி. ஒவ்வொன்றும் என் விரல் நீளம். எல்லாவற்றையும் ஒரு பித்தளை வளையத்தில் கோத்து, அதிலேயே வண்டிச் சாவியையும் மாட்டியிருந்தான். தெருவில் அவன் வருமுன் சாவிச் சத்தம் வரும். பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

தொட்டியில் இருப்பது மூன்று மணி நேரத் தண்ணீர். தெருவுக்கு அரைமணி. ஓர் அறையை மூட நேரமானால் அந்தத் தெருவில் வழிந்தோடும், கடைசித் தெருவுக்குக் காற்றுதான் வரும். ஆகவே அவன் வேலை மொத்தமும் அந்த வண்டி மேல்தான் நின்றது.

அந்த வண்டிதான் திடீர் திடீரென்று நிற்க ஆரம்பித்தது.

நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். சட்டென்று நின்றுவிடும். பத்து மிதி மிதித்தாலும் அசையாது. பிறகு எதற்கென்றே தெரியாமல் பதினோராவது மிதியில் கிளம்பும். இரண்டு நாள் ஒழுங்காக இருக்கும். மூன்றாம் நாள் மறுபடி. தம்பி தெருமுனைக் கடையிலிருந்து போன் போடுவான். மச்சினன் உம்கொட்டி பட்டறையைப் பாதி சாத்திவிட்டு ஓடிவருவான். வந்து, வண்டிச் சாவியைக் கழற்றி, கொத்தை மாமன் கையில் கொடுத்துவிட்டு ஒரு மிதி மிதிப்பான். வண்டி பூப்போலக் கிளம்பும்.

ஒருமுறையல்ல, ஐந்தாறு முறை இப்படி நடந்தது. தெருவே சிரித்தது.

"ஏம்பா, மச்சினனைப் பின்னாடி கட்டிக்கிட்டே போயேன்," என்றாள் எதிர்வீட்டுத் தையல்காரி.

"மாமா, நீங்க கோபத்துல மிதிக்கிறீங்க," என்றான் உம்கொட்டி.

"ஆமாடா மாப்ள, உன் கால்ல தேன் தடவியிருக்கு. என் கால்ல முள்ளு முளைச்சிருக்கு."

சும்மா சொல்லக்கூடாது, அவன் பார்க்காததில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பிளக்கை மாற்றினான். டேங்க்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பெட்ரோலை முழுக்க வடித்துப் பார்த்தான். டேங்க் மூடியின் காற்று ஓட்டையை ஊசி விட்டுக் குத்தினான். பேட்டரி முனைகளைத் தேய்த்து முறுக்கினான். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஊரை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பான். எங்கேயும் நிற்காது. "இனிமே பிரச்சனை இல்ல மாமா" என்பான். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ போன் வரும்.

ஒன்றை மட்டும் அவன் செய்யவில்லை. ஊரார் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்கிறவன், சொந்த மாமனை அந்த ஸ்டூலில் உட்காரவைக்கவில்லை. தம்பி வாயைத் திறந்தாலே, "தெரியும் மாமா, இந்த வண்டிய எனக்குத் தெரியாதா?" என்று குனிந்துவிடுவான். உறவுக்காரர் பேச்சுக்கு யார் உம் கொட்டுகிறார்கள்?

இரண்டாம் முறை கடைசித் தெருவுக்குத் தண்ணீர் போகாதபோது குடிநீர் ஆபீஸ் பொறியாளர் தம்பியைக் கூப்பிட்டார். "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா சாவிக்கொத்தை இந்த மேசை மேல வெச்சிட்டு வீட்டுக்குப் போயிடு. நாலு பேர் இந்த வேலைக்குக் காத்துக்கிட்டு இருக்கான்," என்றார். புது வண்டி வாங்கும் நிலையிலும் அவன் இல்லை. அன்று தம்பி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மாலை என் தம்பி மனைவி உம்கொட்டியின் பட்டறைக்கே போய் நின்றாள். என்னையும் கூட்டிப்போனாள். நாத்தனார் பக்கத்தில் நின்றால் தன் தம்பியைத் திட்டுவதற்கு ஒரு பலம் என்று நினைத்திருப்பாள்.

"ஊர்ல எவன் எவன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாமோ உம் கொட்டுற. என் புருஷன் சொல்றத ஒரு தடவை முழுசாக் கேட்டியாடா நீ? இல்லன்னா சொல்லிடு, வேற மெக்கானிக்கைப் பாத்துக்கிறோம்."

கடைசி வார்த்தை அவன் முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்தான். ஸ்டூலைத் துடைத்தான். என் தம்பியை வரவழைத்து உட்காரவைத்தான்.

தம்பி முக்கால் மணி நேரம் பேசினான். பொறியாளர், தெருப் பெண்கள், தன் முதுகுவலி எல்லாம் வந்தது. உம்கொட்டி கேட்டுக்கொண்டே இருந்தான்.

"லீவு நாள்ல உங்கக்காவ ஏத்திக்கிட்டுக் கடைக்குப் போறப்ப மட்டும் இந்த சனியன் ஒரு தடவைகூட நின்னதில்ல மாப்ள. அவளைக் கண்டா அதுக்கும் பயம்போல."

"உம்."

"உனக்கு நிக்கல, அவளுக்கு நிக்கல. எனக்கு மட்டும் தொட்டியிலேர்ந்து கிளம்புனா தெரு தாண்டுறதுக்குள்ள நிக்குது. என்னைக் கண்டாதான் அதுக்கு எளக்காரம்."

உம்கொட்டி உம் கொட்டவில்லை. "நிக்கிறப்ப நான் ஒரு தடவைகூடக் கூட இருந்ததில்ல மாமா. நாளைக்கு உங்களோட நானும் வர்றேன்," என்றான்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். முதலில் உம்கொட்டிதான் ஓட்டினான். பழக்கம் விடுமா? வண்டிச் சாவியைக் கழற்றிக்கொண்டு கொத்தை மாமன் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏறினான். முதல் அறை, இரண்டாம் அறை, எங்கேயும் நிற்கவில்லை.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "நீ ஓட்டுனா ஓடும்னுதான் ஊருக்கே தெரியுமே. தள்ளு. நான் ஓட்டுறேன், நீ பின்னாடி உக்காந்து வேடிக்கை பாரு." சாவியை வாங்கி, பத்து வருஷப் பழக்கத்தில் அதைக் கொத்தோடு கோத்தான், போட்டான், கிளம்பினான்.

மூன்றாம் அறை எங்கள் தெருவில். நான் குடத்தோடு குழாயடியில் நின்றிருந்தேன். கலகலவென்று சாவிச் சத்தம் வந்தது. தெருமுனை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. இஞ்சின் சத்தம் வெட்டினாற்போல நின்றது.

"பாத்தியா! பாத்தியா! இப்ப சொல்லு!" என்று தம்பி கத்தினான். வேலை போகப்போகிற நேரத்திலும், நின்றுவிட்டதே என்று அவ்வளவு சந்தோஷம்.

"பெட்ரோல் வராம நின்னா இருமிட்டு நிக்கும் மாமா. இது விளக்கை அணைச்ச மாதிரி நின்னுடுச்சு," என்றான் உம்கொட்டி, இறங்கிக்கொண்டே. தம்பி கிக்கரை மிதிக்கப் போனான். "மிதிக்காதீங்க. அப்படியே இருங்க."

வழக்கம்போல வண்டிச் சாவியைக் கழற்றக் கை நீட்டினான். விரல் பித்தளை வளையத்தைத் தொட்டதும் அப்படியே நின்றுவிட்டான். பிறகு கொத்தை மெதுவாக உள்ளங்கையில் ஏந்தித் தூக்கினான். வண்டியின் முகப்பில், சாவி போட்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. கையை விட்டான். கொத்து தொங்கியது, விளக்கு அணைந்தது. மறுபடி தூக்கினான், எரிந்தது. விட்டான், அணைந்தது. குழாயடிப் பெண்கள் எல்லாரும் சுற்றி வந்துவிட்டோம்.

"நான் வந்தவுடனே முதல்ல என்ன மாமா செய்வேன்?"

"என்ன செய்வ, சாவியக் கழட்டிட்டு மீதிய என் மூஞ்சிக்கு நேரா நீட்டுவ."

"அதான். சாவி போடுற சுவிட்ச் உள்ள தேஞ்சு கிடக்கு. இந்தக் கனம் கீழ இழுத்தா அணைஞ்சுடுது. லீவு நாள்ல கொத்து ஆபீஸ்ல தொங்கும், வண்டிச் சாவி மட்டும்தான் உங்ககிட்ட இருக்கும், அதான் அக்கா வர்றப்ப நிக்கல." பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஒவ்வொரு தடவையும் நோயக் கழட்டி உங்க கையில குடுத்துட்டுத்தான் மாமா நான் வைத்தியம் பாத்திருக்கேன்."

அவன் வேகத்தடை மேலேயே உட்கார்ந்துவிட்டான். ஆனால் உட்கார நேரம் இல்லை. எங்கள் தெரு வால்வைத் திறக்க வேண்டும். இன்னும் மூன்று தெரு பாக்கி. தம்பி வண்டிச் சாவியை மட்டும் கழற்றினான். கொத்தை அவனிடம் நீட்டினான்.

"பிடி."

"என் கையில வேணாம் மாமா. உங்க பாக்கெட்ல வெச்சுக்கங்க."

"கால் கிலோ இரும்பை எந்தப் பாக்கெட்ல வெப்பேன்? கால்சட்டை அவுந்து விழும். பிடிடா."

"ஊர்ச் சாவி மாமா."

தம்பிக்கும் அந்த ஸ்டேஷன் கதை தெரியும். நீட்டிய கையை அவன் மடக்கவில்லை. "உன் கையில குடுக்காம வேற எவன் கையில குடுப்பேன்? ஏறு, தண்ணி நேரமாகுது."

உம்கொட்டி எழுந்து, சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டான். பச்சைக் குழந்தையைத் தூக்குகிறவன்போல இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினான். எங்கள் தெரு அறையைத் தம்பி கைகாட்ட இவனேதான் திறந்தான். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமல் மூன்றைப் போட்டுப் பார்த்தான். தையல்காரி, "சீக்கிரம்பா, எங்க வீட்டு பீரோ இல்ல அது!" என்று கத்தினாள். அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அன்று கடைசித் தெருவரை தண்ணீர் போனது.

மாலையே சுவிட்சை மாற்றினான். வண்டிச் சாவிக்குத் தனி வளையம் போட்டான். தம்பி வயதாகி அந்த வேலையை விடும்வரை கொத்தை யார் மேசையிலும் வைக்க நேரவில்லை.

பட்டறையிலும் ஒன்று மாறியது. இப்போதெல்லாம் வண்டி கொண்டு வருகிறவரிடம், "சாவியக் கழட்டாதீங்க. எப்படி ஓட்டிட்டு வந்தீங்களோ அப்படியே ஒரு சுத்து ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்," என்கிறான். அதற்குப்பிறகுதான் ஸ்டூல். மற்றவர் வீட்டுச் சாவியை இன்றைக்கும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். ஸ்பேனர் வரிசையின் கடைசி ஆணியில் மட்டும் ஒரு சாவி தொங்குகிறது. அது என் தம்பி வீட்டு மாற்றுச் சாவி.

உம்கொட்டிக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. அதே ஒரு கதவுப் பட்டறையில்தான் இருக்கிறான். வலது முழங்கால் தேய்ந்துவிட்டதால் கிக்கரை மட்டும் வண்டிக்காரரையே மிதிக்கச் சொல்கிறான்.