எழும்பாத பந்து

"டீச்சர், நீங்க தாராளமா ஆடலாம். ஆனா அந்த வெட்டு அடி மட்டும் வேணாம்."

போன வாரம் எங்கள் கிளப் செயலாளர் எனக்குப் போட்ட நிபந்தனை இது. டென்னிஸ் வலைக்கு அந்தப் பக்கம் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார். ஆடலாம்... ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல அடியை அடிக்கக் கூடாது! பாட்டுப் பாடலாம், வாயை மட்டும் திறக்காதே என்பது மாதிரி இல்லை?

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

விஷயத்தை முதலிலிருந்தே சொல்கிறேன். அருப்புக்கோட்டையில் எங்கள் கிளப்பில் மூன்று சொத்துகள். ஒரு சீட்டாட்ட ஹால், கரகரக்கும் ஒரு ரேடியோ, ஒரு டென்னிஸ் கோர்ட். கரிசல் தரைமேல் செம்மண் கொட்டி, உருளை ஓட்டி இறுக்கிய கோர்ட். என் வீட்டுக்காரர் அங்கே மெம்பர். டென்னிஸ் மட்டையில் எந்தப் பக்கம் கைப்பிடி என்று அவருக்குச் சந்தேகம்தான். அவருக்குச் சீட்டு போதும். ஆடத் தெரிந்த நான் மெம்பர் இல்லை.

பெண்கள் மெம்பர் ஆகக் கூடாது என்று விதி இருக்கிறதா? தேடிப் பார்த்தேன், இல்லை. எந்தப் பெண்ணும் வந்து கேட்டதில்லை. அதனால் அப்படி ஒரு விதிக்கு அவசியமே வரவில்லை.

கோர்ட் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். சாயங்காலம் வருகிறவர்கள் சாக்பீஸால் பெயரை எழுதிவிட்டு உட்கார வேண்டும். வரிசைப்படி ஆட்டம். மெம்பர் பெயரைத்தான் எழுதலாம். என்னைப் போன்ற விருந்தாளிகளுக்கு எல்லாரும் ஆடி முடித்த பிறகு இடம். திருச்சுழி ஸ்கூலில் மணி அடித்ததும் ஓடி, பஸ் பிடித்து, மட்டையை மடியில் வைத்துக்கொண்டு வருவேன். "என்ன டீச்சர், சல்லடையா?" என்று வீரசோழன் ஊரிலிருந்து வரும் அந்த பஸ்ஸில் கேட்காத ஆள் இல்லை. இத்தனை பாடும் பட்டு வந்து, என் முறை வரும்போது பந்தும் தெரியாது, வலையும் தெரியாது. இருட்டு.

எனக்கு வேண்டியது பெரிய பதவி ஒன்றும் இல்லை. அந்தக் கரும்பலகையில் என் பெயரை எழுத வேண்டும். அவ்வளவுதான்.

கேட்டேன். செயலாளர் அண்ணாச்சி சிரித்தார். பஞ்சு வியாபாரி. ஆறடி உயரம். ஃபோர்ஹேண்டை ஓங்கி அடித்தால் பந்து குண்டு மாதிரி வரும்.

"எங்க ஆளுகள்ல ஒருத்தர்கிட்ட ஒரு செட் ஜெயிச்சுக் காட்டுங்க டீச்சர். பேரை எழுதிருவோம்."

"சரி அண்ணாச்சி. ஞாயித்துக்கெழமை வாரேன். ஒங்ககூடவே ஆடுறேன்."

சிரிப்பு நின்றது. நிபந்தனை பிறந்தது அப்போதுதான்.

அவர் வெட்டு அடி என்று சொன்னது ஃபோர்ஹேண்ட் ஸ்லைஸ். சாதாரண ஃபோர்ஹேண்டில் மட்டை கீழிருந்து மேலே ஏறும். ஸ்லைஸில் மட்டை தோள் உயரத்திலிருந்து இறங்கி, பந்தின் அடிப்பக்கத்தை உரசிக்கொண்டு முன்னால் போகும். பந்து பின்பக்கமாகச் சுழன்றபடி வலையைத் தாண்டும். தரையில் பட்டால் எழும்பாது. கணுக்கால் உயரத்தில் வழுக்கிக்கொண்டு போகும்.

"இதெல்லாம் ஒரு ஆட்டமா? காய் நறுக்குற மாதிரி இருக்கு" என்றார் அண்ணாச்சி.

காய் நறுக்கிய ஆள் பேசும் பேச்சா இது? கத்தரிக்காய் நறுக்குவது போல நேராக வெட்டினால் பந்து வலையில் போய் விழும். அடுப்படி உதாரணம்தான் வேண்டும் என்றால் என்னைக் கேட்டிருக்கலாம். தட்டிலிருந்து இட்லியை உடையாமல் எடுக்க, கரண்டியை அடியில் கொடுத்து முன்னால் தள்ளுவோமே... அந்த மாதிரி. வெட்டுவது கொஞ்சம், தள்ளுவதுதான் அதிகம்.

இதை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. எங்கள் தெருவில் வேறு எப்படியும் அடிக்க முடியாது.

நான் ஹைஸ்கூல் படித்த காலம். எங்கள் தெரு நெசவாளர் தெரு. தறியில் ஏற்றும் முன் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காய வைப்பார்கள். அதுதான் பாவு. பாவு நிற்கும்வரை தெருவே அதற்குத்தான் சொந்தம். சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆடு ஒன்று எட்டிப் பார்த்தால் நாலு வீட்டிலிருந்து கத்துவார்கள்.

மதுரையில் காலேஜ் படித்த என் அண்ணன், யாரோ கழித்துப் போட்ட மட்டை ஒன்றையும் மொட்டையாய்ப் போன ஒரு பந்தையும் லீவுக்குக் கொண்டுவந்தான். சீக்கிரமே அலுத்துப்போய் மூலையில் போட்டான். நான் எடுத்துக்கொண்டேன். எதிரே ஜன்னல் இல்லாத ஒரு நீளச் சுவர். முதுகுக்குப் பின்னால் பாவு. நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற இடம். அதுதான் என் கோர்ட்.

ஓங்கி அடித்தால் பந்து சுவரில் மோதி, என்னைத் தாண்டி நேரே பாவுக்குள் போகும். ஈர நூலில் புழுதி அப்பும். இழை அறும். பாவுக்காரி பக்கத்து வீட்டு ரங்கம்மா சின்னம்மா. எங்கள் வீடுகளில் பேசுவது தெலுங்கு. சின்னம்மா தெலுங்கில் திட்டினால் அது செல்லம். தமிழுக்கு மாறினால் நிஜக் கோபம், தெருவுக்கே கேட்கட்டும் என்று அர்த்தம்.

"ஏ புள்ள! இன்னொருக்க பந்து பாவுல பட்டுச்சு... மட்டைய அடுப்புல வச்சிருவேன், பாத்துக்க!"

சுத்தத் தமிழ். செய்யக்கூடியவள்தான்.

மட்டையைக் காப்பாற்ற வேண்டும், ஆடவும் வேண்டும். அடித்து அடித்துப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. மேலிருந்து கீழாக உரசி அடித்தால், பந்து சுவரில் பட்டதும் சுவரோடு ஒட்டிக் கீழே இறங்கிவிடுகிறது. எகிறுவதில்லை. என் காலடிக்கே வந்து சேர்கிறது. அதற்கு ஸ்லைஸ் என்று ஒரு பெயர் உண்டு என்பதே எனக்குக் காலேஜில்தான் தெரியும். மட்டை அடுப்புக்குப் போகாமல் காத்த அடியை இப்போது ஒருவர் வந்து வேண்டாம் என்றால், விட்டுவிடுவேனா?

சனிக்கிழமை ராத்திரி என் வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார். பெரிய மனிதர், நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டாமா, அந்த ஒரு அடியைத்தான் விட்டுக்கொடுத்துவிடேன் என்று தெலுங்கில் நயமாகச் சொன்னார். நான் தமிழில் பதில் சொன்னேன். அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் போய்ப் பார்த்தால் கோர்ட்டில் ஒரே ஈரம். ஓரத்தில் தண்ணீர் வண்டி நிற்கிறது. வழக்கமாக ஆட்டத்துக்கு முன் புழுதி அடங்கக் கொஞ்சம் தெளிப்பார்கள். இது தெளிப்பு இல்லை, பாய்ச்சல்.

கிளப்புக்குப் பின்பக்கத் தெருவில் குழாயைச் சுற்றிக் குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, அங்க பொம்பளைக குடத்தோட நிக்கிறாக. நீங்க பந்தாடுற தரைக்கு வண்டித் தண்ணி விடுறீகளா?"

"என் கெணத்துத் தண்ணி டீச்சர். தரை இறுகிக் கெடக்குல்ல? அதான் ஒங்க பந்து வழுக்குது. தண்ணி விட்டா இளகும். பந்து தானா எழும்பும்."

இந்தக் காய்ந்த காட்டில் பிறந்த எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை இது. எதுவானாலும் தண்ணீர் விட்டால் எழும்பிவிடும். சோளம் எழும்பும். பருத்தி எழும்பும். பந்து?

ஆட்டம் ஆரம்பித்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். முதல் மூன்று கேமும் அவருக்கே போனது. காரணம் என் கோபம். அவர் சொன்னபடியே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பந்து வலையிலேயே விழுந்தது. சீட்டு ஹாலில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

நின்று மூச்சு வாங்கினேன். முதுகுக்குப் பின்னால் பாவு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மட்டையை உயரத் தூக்கி, இறக்கி, முன்னால் தள்ளினேன்.

பந்து வலையை ஒட்டித் தாண்டியது. ஈர மண்ணில் 'சொத்' என்று விழுந்தது. வழுக்கக்கூட இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

இறுகிய தரையில் என் பந்து வழுக்கியாவது அவரிடம் போயிருக்கும். ஈரத் தரையிலோ அவர்தான் பந்தைத் தேடி முன்னால் ஓடி வர வேண்டும். எப்படி ஓடுவார்? தண்ணீர் அதிகமாகி, மெல்லிய செம்மண்ணுக்கு அடியிலிருந்து கரிசல் மேலே வந்துவிட்டது. கரிசல் சேற்றில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், அது விடாது. அண்ணாச்சியின் வெள்ளைக் கான்வாஸ் ஷூவில் அடைக்கு மேல் அடையாக அப்பியது. அவருடைய குண்டு அடிக்கும் அதே கதி. ஈரத்தில் வேகம் செத்து, பந்து மரியாதையாக என் பக்கம் வந்து நின்றது.

ஒவ்வொரு பந்துக்கும் ஓடி வந்தார். ஒவ்வொரு பந்துக்கும் குனிந்தார். என் சேலைக் கரையெல்லாம் கறுப்பு. நான் ஒன்றும் சுத்தமாக ஆடிவிடவில்லை. ஆனால் ஆறுக்கு நாலு என்று செட் எனக்கு.

யாரும் கை தட்டவில்லை. பரவாயில்லை. அண்ணாச்சி வலைக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், ஜெயிச்சது ஜெயிச்சதுதான். நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். ஆனா ஒண்ணு. இங்க வாரவுக எல்லாம் முதலாளிமாரு, ஆபீசரு. நாலு பேர் பாக்க அவுகளக் குனிய வைக்கிற அடி நமக்கு எதுக்கு?"

அப்படிச் சொல்லுங்கள்! காயும் இல்லை, ஆட்டத்தின் அழகும் இல்லை. குனிவதுதான் பிரச்சினை!

பெண்கள் நாங்கள் வாசல் கூட்டக் குனிகிறோம். கோலம் போடக் குனிகிறோம். வறண்ட குழாயில் குடம் வைக்கக் குனிகிறோம். அதெல்லாம் நாலு பேர் பார்க்கத்தானே நடக்கிறது? எங்கள் இடுப்பைப் பற்றி எந்தக் கமிட்டி கவலைப்பட்டது?

"அண்ணாச்சி, பந்து கீழ கெடந்தா குனிஞ்சுதான் எடுக்கணும். நானும் அப்படித்தான் எடுக்கேன். அந்த அடியோடதான் வருவேன்."

வண்டியில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. அதைப் பின் தெருவுக்கு ஓட்டச் சொன்னேன். வண்டிக்காரர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி ஷூவிலிருந்து கரிசலைச் சுரண்டிக்கொண்டே தலையை ஆட்டினார். அந்த மட்டுக்கும் மனுஷன்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கிளப்புக்குப் போனேன். சாக்பீஸை எடுத்தேன். கரும்பலகையில் என் பெயரை எழுதினேன். இன்னாருடைய மனைவி என்று இல்லை, என் பெயர். யாரும் அழிக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஆடினேன்.

செயலாளர் அண்ணாச்சி இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் படுத்திருப்பதாகக் கேள்வி. சீக்கிரம் எழுந்து வரட்டும்... இன்னும் நிறையக் குனிய வேண்டியிருக்கிறது!