கண் மருந்து பாட்டிலில் தின்னர்

1. பதினொன்று இருபது

காலை பதினொன்று இருபது. எங்கள் மருந்தகத்துச் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடும். அதைக் கழித்துத்தான் சொல்கிறேன்.

கொல்லிமலையில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். எந்த ஊர் என்பது வேண்டாம். இருபத்திரண்டு வருட சர்வீஸில் மூன்று வருடம் மலையில். அன்று ஜன்னலுக்கு வெளியே ஓர் அம்மா ஐந்து வயதுப் பெண் குழந்தையோடு நின்றார்.

"ஏனுங் சார், காத்தால எந்திரிச்சா இவளுக்குக் கண்ணு ரெண்டும் ஒட்டிக்குதுங்க."

சீட்டில் கண் சொட்டு மருந்து எழுதியிருந்தது. ஜன்னலோரத் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். முதல் முறை வாங்குகிறவர்களுக்குச் சொட்டு எப்படி விழும் என்று காட்டிவிட்டுக் கொடுப்பது என் வழக்கம். மாத்திரை எண்ணும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டின் மேல் ஒரு சொட்டு விட்டேன்.

"இப்படி ஒரே சொட்டும்மா. கீழ் இமையை இழுத்துப் பிடிச்சு..."

சொல்லி முடிக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. குழந்தை மூக்கைப் பொத்தியது.

"கதவுக்குப் பெயிண்ட் அடிச்ச மாதிரி வருதுங்க சார்" என்றார் அந்த அம்மா.

சொட்டு விழுந்த இடத்தில் பளபளப்பு போய்விட்டது. விரலால் தொட்டேன். பிளாஸ்டிக் பிசின் போல இளகி விரலோடு வந்தது. அந்தச் சொட்டு அந்தக் குழந்தையின் கண்ணுக்குப் போக இருந்தது.

அவர்களுக்கு அட்டைப் பெட்டி பிரிக்காத புது பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. முந்தின நாள் மாலை நான் பெயிண்ட் கரைக்கிற தின்னர் ஊற்றியது இரண்டு பாட்டில்களில். ஒன்று என் கையில் இருந்தது. தட்டில் வேறு பாட்டில் இல்லை.

2. சாமான் சேர்த்த கதை

என் மகள் யாழினி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இராசிபுரத்திலிருந்து மலைக்கு மாற்றலாகி வந்தபோது அவளுடைய சிநேகிதிகள் எல்லாம் கீழேயே நின்றுவிட்டார்கள். பேச்சு குறைந்தது. சாப்பாடும் குறைந்தது. பெண் பிள்ளை இப்படிச் சுருண்டு போகிறாளே என்று எனக்குத் தூக்கம் வராது. போன வருடம் அவளுடைய மாமா ஒரு மாடல் கிட் அனுப்பினார். பழைய காலத்துப் போர் விமானம், அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. சட்டத்தில் கோத்த பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். அன்றிலிருந்து பிள்ளை மறுபடியும் பேச ஆரம்பித்தாள்.

அதற்கென்று உள்ள கருவிகள் மலையில் கிடைக்காது. இருப்பதை வைத்துச் சமாளிப்பதில் எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்ட, நகவெட்டி. வெட்டின தழும்பைத் தேய்க்க, அவள் அம்மாவின் நக அரமும் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளும். ஒட்டின இறக்கையைப் பிடித்துக்கொள்ள, துணி காயப்போடும் கிளிப். பெயிண்ட் கலக்க, இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி. சின்னத் துண்டுகளை எடுக்க, புருவம் திருத்தும் இடுக்கி. பல்குச்சி, காது குடையும் பஞ்சு, கடலைமிட்டாய் டப்பா. வீட்டில் இல்லாதவை மட்டும் மலை மேலே உள்ள செம்மேட்டுக் கடைகளில் வாங்கியவை. ஒரே ஒரு பொருள்தான் பாக்கி.

பசை. சாதாரணப் பசை அந்த பிளாஸ்டிக்கைச் சரியாகப் பிடிக்காது. பெயிண்ட் கடைத் தின்னரை மூட்டு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் போதும், இரண்டு பக்கமும் லேசாகக் கரைந்து ஒன்றாகிவிடும். ஒரு சொட்டுக்கு மேல் போனால் இறக்கையே உருகிவிடும். ஒரு சொட்டு மட்டும் விழுகிற பாட்டில் வேண்டும். அது என் கை வேலை. காலி கண் மருந்து பாட்டில் இரண்டைக் கழுவிக் காயவைத்திருந்தேன். அந்த பாட்டில் வேறு வகை பிளாஸ்டிக், தின்னருக்குக் கரையாது.

இதைப் படிக்கிற இளம் மருந்தாளுநர்கள் இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். தின்னர் டின்னை நான் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. டின்னைத் திறந்தால் பிள்ளை அதை முகர்ந்து பார்ப்பாள், கண்ணில் தெறித்துவிடும் என்று பயம். அதனால் ஓ.பி. முடிந்த பிறகு மருந்தகத்திலேயே வைத்து இரண்டு பாட்டிலிலும் ஊற்றினேன். ஒழுகுகிறதா என்று பார்க்க ஜன்னலோரத் தட்டில் வைத்தேன். லேபிளை வீட்டில் போய்ப் பிய்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதற்குள் மழை இறங்கியது. பாட்டில்களை மறந்து, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தத் தட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. மிளகு பறித்து, கிழங்கு பிடுங்கிக் காய்த்துப்போன விரல்களுக்கு அந்தச் சின்ன மூடியைத் திருகித் துளை போட வராது. "தொறந்தே குடுத்துருங்க சாமி" என்பார்கள். அதனால் தினமும் இரண்டு மூன்று பாட்டில்களை நானே ஊசியால் துளை போட்டுத் தட்டில் தயாராக வைப்பேன். சில நாள் முந்தின மாலையே வைத்துவிட்டும் போவேன். மறுநாள் காலை தட்டில் இரண்டு பாட்டில் இருந்தது. நேற்றே வைத்துவிட்டேன் போல என்று கை நினைத்துக்கொண்டது. கண் பார்க்கவில்லை.

3. முதல் பாட்டில் யாருக்கு

பதிவேட்டில் அன்று கண் மருந்து வாங்கியவர் அந்தக் குழந்தைக்கு முன்னால் ஒரே ஒருவர். காளியண்ணன், மலையிலேயே உள்ளே தள்ளி, திருப்புலி நாட்டுப் பக்கம். பெயரைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

காளியண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு மிளகு பறிப்பவர். இளவயதில் இடது கண்ணில் முள் குத்திப் பார்வை போய்விட்டது. இருப்பது வலது கண் ஒன்றுதான். அது சிவந்து நீர் வடிகிறது என்றுதான் வந்திருந்தார். பத்தரைக்கு இதே ஜன்னலில் நின்று என்னைக் கேலி செய்துவிட்டுப் போனார்.

"எல்லாத்துக்கும் ரெண்டு சொட்டுங்கறீங்க. எனக்கு ஒத்தக் கண்ணு. பாதி பாட்டில் மிச்சமாகுமே, திருப்பி எடுத்துக்குவீங்களா?"

சிரித்துக்கொண்டே நான் சொன்ன பதில்: "ஊட்டுக்குப் போனதும் ரெண்டு சொட்டு விட்டுட்டுப் படுங்க." மூன்றாம் முறையாக வாங்குகிறவர், பழக்கமானவர். அதனால் அவருக்குச் சொட்டு விட்டுக் காட்டவில்லை.

டாக்டர் அறைக்குப் போனேன். எங்கள் டாக்டர் முப்பது வயதுப் பெண், தர்மபுரிப் பக்கம். நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"எத்தனை சொட்டு சொன்னீங்க?"

"ரெண்டு மேடம்."

"எந்த பஸ்ல போனார்?"

"பத்தே முக்கால்."

"அப்ப இப்பத்தான் எறங்கியிருப்பார். சேலைன் ரெண்டு பாட்டில் எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. விட்டிருந்தா அங்கயே கழுவுங்க. இங்க கூட்டிட்டு வந்து கழுவலாம்னு நெனைக்காதீங்க."

பதிவேட்டில் இருந்தது திருப்பூரில் வேலை செய்யும் அவருடைய மகனின் நம்பர். அந்த ஊரில் டவரும் எடுக்காது. ஆம்புலன்ஸ் ஒரு பிரசவ கேஸோடு நாமக்கல் போயிருந்தது. சேலைன் எடுத்துக் கொடுத்த நர்ஸம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பாட்டில்ல பேரெழுதாம எதையும் வெக்காதீங்கன்னு எங்கள நித்தம் வையறவர் நீங்கதானுங்க சார்."

4. பூட்டிய வீடு

வண்டியில் நாற்பது நிமிடம். வளைவுகளில் ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன். நடுவில் ஒரு சின்ன டெம்போவுக்கு ஒதுங்கி வழிவிட்டேன். யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

காளியண்ணன் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமன் வந்துட்டு அப்பவே போயிட்டாருங்க. கண்ணு எரியுதுன்னு சொல்லுச்சு. கெழங்கு டெம்போ நின்னுச்சு, அதுல ஏறிருச்சு."

"எந்தக் கண்ணும்மா?"

"அதப் பாக்கலீங்களே. துண்ட வெச்சு மூஞ்சியப் பொத்தியிருந்துச்சு."

"தானா நடந்து போனாரா, யாராவது புடிச்சுக்கிட்டுப் போனாங்களா?"

அவர் யோசித்தார். "தானாத்தான். வேலியப் புடிச்சுக்கிட்டே போச்சுங்க."

தினமும் நடக்கிற பாதையில் கண் தெரிகிறவன் எதற்கு வேலியைப் பிடிக்க வேண்டும்? எந்தப் பக்கம் போகிற டெம்போ என்று மட்டும் கேட்டேன். நாங்கள் இருக்கும் ஊர் வழியாகத்தான், ஆனால் நடுவில் ரோட்டை விட்டு உள்ளே இறங்கி இரண்டு தோட்டத்தில் கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போகும் என்றார்.

திரும்பி வரும்போது ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. பிரேக்கை அழுத்திய குலுக்கலில் பையில் சேலைன் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின. என் பிள்ளைக்கு நான் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தேன், தெறித்தால் படக்கூடாது என்று. தின்னர் டின்னைத் திறக்கிற அறையில்கூட அவள் நிற்கக்கூடாது என்று நினைத்தேன். சரியான நினைப்புதான். ஆனால் டின்னோடு என் வீட்டு வாசற்படியைத் தாண்டவிடாத பொருளை, ஊரே கை நீட்டி வாங்குகிற தட்டில் வைத்துவிட்டு வந்தேன். எனக்கு அலட்சியம் கிடையாது. நான் எதற்கும் பயப்படுகிற ஆள். என் பயம் முழுக்க ஒரு பிள்ளையைச் சுற்றியே நின்றது, அவ்வளவுதான்.

மருந்தகத்துக்குள் மருந்து தவிர வேறு எதுவும் வரக்கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட. மருந்து வந்த பாட்டிலில் வேறு எதையும் ஊற்றக்கூடாது, லேபிளைக் கிழித்தாலும் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அந்தத் திருப்பத்தில் நான் நின்றிருந்ததை மட்டும் சொல்வதில்லை. இங்கேதான் முதல் முறை எழுதுகிறேன்.

5. டெம்போ வந்தது

பன்னிரண்டு ஐம்பதுக்கு வந்து சேர்ந்தேன். டெம்போ வரவில்லை. டாக்டர் வெளித் திண்டில் சேலைனும் பஞ்சும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கண் எரிகிறதென்று டெம்போவில் ஏறியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு கேட்டருகே போய் நின்றேன். இருபது நிமிடம்.

கிழங்கு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து காளியண்ணன் இறங்கினார். டிரைவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். துண்டு முகத்தில் பாதியை மறைத்திருந்தது. எதிரே வருகிறவரின் இடது எது, வலது எது என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. என் இடது கையை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

துண்டுக்கு வெளியே ஒரு கண் இருந்தது. சிவந்து, நீர் வடிந்துகொண்டு. அது என்னைத் தேடி, கண்டுபிடித்து, என் மேலேயே நின்றது.

"பாக்கற கண்ணு நல்லா இருக்கு" என்று டாக்டர் என்னிடம் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது. அவர் காளியண்ணனைத் திண்டில் சாய்த்து, பார்வையில்லாத இடது கண்ணில் சேலைனை விடாமல் ஊற்ற ஆரம்பித்தார். தண்ணீர் காது வழியாக ஓடிச் சட்டையை நனைத்தது. அந்தத் தண்ணீருக்குள்ளிருந்தே காளியண்ணன் சட்டைப் பையைத் தடவி, நான் கொடுத்த பாட்டிலை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க குடுத்தத நான் சந்தேகப்படலீங்க. வாசம் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. நல்ல மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். இருந்தாலும் இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதான் மொதல்ல பாக்காத கண்ணுல ஒரு சொட்டு விட்டுப் பாத்தேன். மொளகாப்பொடி அப்புன மாதிரி எரியுது. உங்களக் கேட்டுட்டே செய்யலாம்னு வந்தேன். நீங்க விடச் சொன்னா, இந்தக் கண்ணுலயும் விட்டுக்கறேனுங்க."