ஹங்கோமா வண்டியின் முப்பத்திரண்டு அறைகள்

வேனின் பின்கதவைத் திறந்ததும் ஒரு பக்கெட் உருண்டு வந்து ஹங்கோமாவின் கால்விரலில் விழுந்தது. அதற்குள் பல்பு ஹோல்டர், ஆணி, இன்சுலேஷன் டேப், யாருடையதோ பூப்போட்ட தலைத்துணி எல்லாம் ஒன்றாகக் கிடந்தன.

சோமா ஊரில் அவனைப் போல எலக்ட்ரீஷியன்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆனால் வண்டிக்குள் அறை பிரித்து ஒழுங்காக வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். மூன்று ஞாயிறுகள் சர்ச்சுக்கு முழுக்குப் போட்டு, பலகை அறுத்து, முப்பத்திரண்டு அறைகள் அடித்து, ஒவ்வொன்றிலும் பெயிண்டால் பெயர் எழுதினான். கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

போன வாரம் தெருக்கோடி முலேயா செத்துப்போனான். சாவு வீட்டுக்கு வண்டி கிடையாது என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் யாரும் தலைகாட்ட முடியாது. சர்ச் பெண்கள் வந்து வேனைக் காலி செய்தார்கள். கல்லறைக்கு ஆட்களை ஏற்றிப் போய் வந்த பிறகு, சாமான்களைப் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்ப அடுக்கியும் கொடுத்தார்கள். பெயர் எழுதியிருந்ததை ஒருத்தி பார்த்தால்தானே! வெள்ளையோடு வெள்ளை, சின்னதோடு சின்னது என்று சமையலறை மாதிரி அடுக்கிவிட்டார்கள்.

இப்போது மணி ஒன்று. குஞ்சு பொரிக்கும் பண்ணையின் முற்றத்தில் அவன் பாதி வண்டியைத் தரையில் கொட்டியிருந்தான். மூன்று மணிக்குக் கரண்ட் போய்விடும். ஜெனரேட்டர் தயார்தான், ஆனால் அதற்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கருகிக் கிடந்தது. நாளை மறுநாள் பொரிய வேண்டிய இரண்டாயிரம் முட்டைகள் கரண்டில் ஓடும் சூட்டுப் பெட்டிகளுக்குள் இருந்தன. இந்தப் பண்ணையின் வருட ஒப்பந்த வேலைக்காக இரண்டு வருடமாக நடையாய் நடக்கிறான். மாற்று சுவிட்ச் ஒன்று என் வண்டியிலேயே இருக்கிறது என்று முந்தாநாள் வாயைக் கொடுத்தவனும் அவன்தான்.

மேலாளர் முண்டியா நிழலில் கைகட்டி நின்றாள். அவள் லோசி இனம், இவன் டோங்கா இனம். இரண்டு இனங்களும் ஒன்றையொன்று கேலி செய்துகொள்ள உரிமையுள்ள முறை என்பதால் என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ள முடியாது.

"ஏன்யா, டோங்காக்காரங்களுக்கு மாட்டை எண்ணத்தான் தெரியும்னு சொல்வாங்க. சாமானை எண்ணத் தெரியாதா?"

"மீன் திங்கிறவங்க கொஞ்சம் பொறுக்கணும் மேடம். இதோ எடுத்துடுவேன்."

"எப்போ? குஞ்சு வந்து கூவினப்புறமா? ரெண்டரை வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

சோளமாவுச் சாக்கில் கிளிப்புகள். டெஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் பாட்டுப் புத்தகம். சுவிட்ச் மட்டும் எங்கேயும் இல்லை. பொறுக்க முடியாமல் மனைவி சோல்வேக்கு போன் போட்டான்.

"உங்க சர்ச் பொம்பளைங்க என் பொழப்பைக் கெடுத்துட்டாங்கடி! என் சேஞ்ச் ஓவரை எந்தக் குப்பையில போட்டாங்க?"

"எது, கைப்பிடி வச்ச சாம்பல் கலர் டப்பாவா?"

"ஆமா!"

"லுயாண்டோ அப்பா," பிள்ளை பெயரைச் சொல்லித்தான் அவள் அவனைக் கூப்பிடுவாள், "அது முலேயா வீட்டுச் சுவத்துல இருக்கு. கரண்ட் போனா சாவு வீடு இருட்டாயிடும்னு, இரவல் ஜெனரேட்டருக்காக நீங்களேதான் அழுதுகிட்டே மாட்டினீங்க. அவங்க மேல ஏன் எரிஞ்சு விழறீங்க?"

அவன் போனை வைத்தான். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போனதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை. சாவு வீட்டுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது கேவலம். அது தெரிந்தும் வண்டியைக் கிளப்பினான்.

முலேயாவின் மனைவி முற்றத்தைத் தனியாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஒரு கோப்பை புளித்த பால் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் நின்றபடியே அதைக் குடித்தான்.

"அண்ணி, அந்த சுவிட்ச்... ஒரு இடத்துல அவசரமா வேணும். லைட்டுக்கெல்லாம் கரண்டை நேரா இழுத்துக் குடுத்துட்டுத்தான் போவேன். எப்பவும் போல எரியும்."

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அவன் ஏறி நிற்பதற்கு ஒரு ஸ்டூலை எடுத்து வந்து போட்டாள்.

"கழட்டிக்கோங்க. பானை குடுத்தவங்க, நாற்காலி குடுத்தவங்க, டென்ட் குடுத்தவங்க, எல்லாரும் அன்னைக்கே வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் நெசமாவே குடுத்தீங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன்."

அவன் ஸ்டூலில் ஏறினான். நான்கு திருகாணிகளையும் கழற்றி, லைட் வயர்களை நேராக இணைத்தான். அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இரண்டு இருபதுக்குப் பண்ணைக்கு வந்துவிட்டான். மூன்று மணிக்குக் கரண்ட் போனபோது அவன் மாட்டியிருந்த சுவிட்சின் கைப்பிடியை முண்டியா ஜெனரேட்டர் பக்கம் திருப்பினாள், முட்டைப் பெட்டிகளின் விளக்குகள் எரிந்தன. வருட வேலை உனக்குத்தான் என்று முதுகில் தட்டிச் சொன்னாள்.

"அது சரி, கடைசியில எங்கதான்யா கிடைச்சுது?"

ஹங்கோமா தரையில் சிதறிக் கிடந்த சாமான்களை அள்ளிக்கொண்டிருந்தான். எதை எந்த அறையில் வைக்கிறோம் என்று அவன் பார்க்கவில்லை.

"வண்டியிலதான் இருந்துச்சு மேடம்" என்றான்.